அக்கா இடித்த அடுப்பு

என் சமையலறையில், கேஸ் அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு மண்துண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் கரி, மறுபக்கம் காவி. "இந்தக் குப்பையைத் தூக்கிப் போடக் கூடாதா?" என்று மருமகள் கேட்காத மாதம் இல்லை. போடமாட்டேன். அது என் ஓரகத்தியின் அடுப்பு. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

வெள்ளைக்காரன் காலம் அது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் குடும்பம் பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு உழுதது. நெல் அளந்தால் மட்டும் போதாது. மழைக்கு முன்னால், ஏரியிலிருந்து பண்ணை வயலுக்குப் போகும் வாய்க்காலையும் குத்தகைக்காரர்கள்தான் தூர் வார வேண்டும். கூலி கிடையாது, மத்தியானம் ஒரு சொம்பு கூழ். அடுப்புக்கு ஓர் ஆம்பளை என்பது பண்ணை வழக்கம். ஒரே கூரையானாலும் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடித்தனம், இரண்டு ஆள். ஆள் வராவிட்டால் அந்தக் குடித்தனத்தின் நிலம் அடுத்த போகத்துக்கு வேறொருவன் கைக்குப் போய்விடும்.

அக்காவுக்கும் எனக்கும் ஆகாது. என் குழம்பில் புளி தூக்கல் என்று ஆரம்பித்த சண்டையில், தாழ்வாரத்து மறுகோடியில் அவள் தனி அடுப்பே போட்டுக்கொண்டாள். ஏரி மண்ணைப் பிசைந்து, குமிழ் வைத்து, காவி பூசி, அடடா, என்ன அழகு! எனக்கு வயிறெரிந்தது. நிலமும் பாதியானது, பேச்சும் நின்றது.

அந்த வருஷம் தூர் வாரும் நாளில் என் வீட்டுக்காரர் விஷக் காய்ச்சலில் கிடந்தார். எனக்குக் கைக்குழந்தை. மூத்தார், அதாவது அக்கா வீட்டுக்காரர், தங்கள் அடுப்பின் ஆளாக வாய்க்காலுக்குப் போய்விட்டார். எங்கள் அடுப்புக்கு யார் போவது? நிலம் போனால் எதைத் தின்பது? இவர் காய்ச்சலோடு எழுந்து மண்வெட்டியை எடுத்தார், வாசற்படியிலேயே சரிந்தார். நான் ஓவென்று கத்திவிட்டேன்.

அக்கா பாதி வெந்த சோற்றுப் பானையை இறக்கினாள். எரிகிற அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். உலக்கையை எடுத்து நாலு போடு போட்டாள். பிறகு பானையைத் தூக்கிவந்து என் அடுப்பில் ஏற்றிவிட்டு, "நவுந்து குந்து" என்றாள்.

பண்ணை மணியக்காரர் ஆள் பார்க்க வந்தார். "இன்னாம்மா, இந்த ஊட்ல ரெண்டு அடுப்பு கீதுன்னாங்களே?"

"எவன் சொன்னான்? உள்ள வந்து பாருங்க. ஒரே ஒலதான் கொதிக்குது. எங்க ஊட்டுக்காரரு மம்முட்டி எடுத்துகினு அப்பவே பூட்டாரு" என்றாள் அக்கா.

அவர் இடிந்து கிடந்த ஈரமண்ணைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த உலக்கையையும் பார்த்தார். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் அழுதுகொண்டே அக்கா காலைத் தொடக் குனிந்தேன்.

"அட ச்சீ, ஏந்திரு. கொழம்புல புளிய கொறை, அது போதும்."

நிலம் தங்கியது, என் வீட்டுக்காரரும் பிழைத்தார். அக்கா அதன்பிறகு வேறு அடுப்பு போடவேயில்லை. சண்டை மட்டும் நிற்கவில்லை. ஒரே அடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குந்திக்கொண்டு ஆயுசு முழுக்கப் போட்டோம். அந்த நிலம் பின்னாளில் எங்களுக்கே சொந்தமானது. இந்த வீடு நிற்பதும் அதில்தான். என் உடம்பில் உயிர் இருக்கும்வரை அவளுக்குப் பட்ட நன்றிக்கடன் தீராது.

அக்கா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. இப்போதும் புளி கரைக்கும்போதெல்லாம் குனிந்து அந்த மண்துண்டைப் பார்ப்பேன். கை தானாகக் குறைத்துக்கொள்கிறது.