எல்ஸிக்காவின் பால் மரம்

கேசட் கீச்சிடும்போது எல்ஸி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். காது கூசும் அந்த இரைச்சலில் ஓரிடம் வந்ததும், "ஆங், இங்கதான் பிசகிருச்சு" என்று நிறுத்துவார். பக்கத்து வீட்டு வீரம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அந்தத் தவளைய கொஞ்சம் அடக்கிப் போடுலா, புள்ள தூங்குது" என்பார். தவளையாவது ஒன்றாவது! அது கம்ப்யூட்டர் பாடம். எண்பத்தைந்தில் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சாதாரணக் கேசட்டில் இப்படி இரைச்சலாகத்தான் பதிந்து வைக்க வேண்டியிருந்தது. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் மலிவு வீடுகளில் அந்தச் சத்தம் கேட்ட வீடு அது ஒன்றுதான்.

எல்ஸிக்கு முப்பத்திரண்டு வயது. மின்னணுத் தொழிற்சாலையில், முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சோதிக்கும் வேலை. அதனால் ஆளோடு பேசும்போதும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொள்வார். ஊருக்குத் திரும்பிய இஞ்சினியர் ஒருவரிடம் பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து கூடத்து டிவியோடு மாட்டினார். பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கண்டு மிரண்டு போனதும் உண்டு. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் பதினாலு பிள்ளைகள் வந்துவிடும். ஆளுக்குப் பத்து நிமிடம். "கைய தொடச்சிட்டுத் தொடு. ஒன்ன கடிக்காதுலா" என்பார். போனையே தொட்டறியாத பிள்ளைகள் அங்கே எழுத்தைத் தேடித் தேடித் தட்டின. அவர்களுக்காக எல்ஸி எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதுதான் பால் மரம். திரையில் ஒரு ரப்பர் மரம், அதன் அடியில் பால் பிடிக்கும் கிண்ணமாக ஒரு மங்கு. கணக்குக்கு விடை சரியானால் மங்கில் ஒரு சொட்டுப் பால் விழும். பத்துச் சொட்டில் மங்கு நிறையும். வாய்ப்பாடு என்றாலே ஓடி ஒளிந்த பிள்ளைகள், "எல்ஸிக்கா, இன்னொரு மங்குக்கா" என்று கெஞ்சின. பால் மரத்தைக் கேசட்டின் ஒரு பக்கத்திலும் அதன் நகலை மறுபக்கத்திலும் பதிந்து பத்திரப்படுத்தியிருந்தார்.

அப்பா லூர்துசாமி முப்பது வருடம் ரப்பர் மரத்தில் கோடு வெட்டிப் பால் எடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. தமிழ்நாட்டில் இருக்கும் தங்கை ரோசரிக்கும் தெரியாது. ஆகவே இருவருக்கும் கேசட்தான் கடிதம். இவர் பேசி அனுப்புவார். அவர் கேட்டு முடித்துவிட்டு, அதன் மேலேயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார். ஒரே கேசட் வருடக்கணக்காகக் கடல் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது. கேட்டு முடித்த கேசட்டில் பேசலாம் என்பதுதான் அண்ணன் தங்கை இருவருக்கும் தெரிந்த முறை.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, எல்ஸி கேசட்டை ஓட விட்டார். இரைச்சல் வரவில்லை. "தங்கச்சி…" என்று அப்பாவின் குரல் வந்தது. சட்டென்று நிறுத்திவிட்டார்.

"நம்ம கேசட்டு அந்து போச்சும்மா, அதான் இத எடுத்தேன்" என்றார் அப்பா. "மொதல்ல முழுசா கேட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே எரைச்சல், ஆளு பேச்சே இல்ல. சரின்னு ரெண்டு பக்கமும் நான் பேசிட்டேன்."

"எட்டு மாசம்பா! எம் பொழப்பையே அழிச்சிட்டீங்களே! ஒங்களுக்கு என்னா தெரியும்?"

பிள்ளைகள் முன்னால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுதான். கத்திவிட்டார். அதன்பின் பதினெட்டு நாள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் அப்பா குளியலறையில் விழுந்தார். உயிர் பிழைத்தது, பேச்சு போய்விட்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எல்ஸி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் திட்டுங்கப்பா" என்று அழுதாராம். அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

பிறகு எல்ஸி நோட்டுப் புத்தகத்தில் பால் மரத்தை முதலிலிருந்து எழுதினார். கம்ப்யூட்டர் சொல்லித்தரப் பள்ளியிலேயே ஓர் அறை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர் ஒரு வியாழக்கிழமை காலை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். புதன்கிழமை எல்ஸி லீவு போட்டு, விடிந்ததிலிருந்து தட்டினார். நோட்டில் இல்லாத திருத்தங்களெல்லாம் கை போன போக்கில் வந்து விழுந்தன. நாலு மணிக்குத் திரையில் மரம் நின்றது, மங்கில் பால் சொட்டியது. சக்கர நாற்காலியில் இருந்த அப்பா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மலைப்பக்கம் வானம் கறுத்தது. இடி இடித்தால் அந்த வட்டாரத்தில் கரண்ட் போய்விடும். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அத்தனையையும் மறந்துவிடும். மற்ற கேசட்டுகளைத் தஞ்சோங் ரம்புத்தான் ஆசிரியர் ஒருவர் நகல் எடுக்க வாங்கிப் போயிருந்தார். புதுக் கேசட் வாங்க டவுனுக்குப் போன தம்பி பெர்னார்ட் இன்னும் வரவில்லை. வீட்டில் இருந்தது, அப்பா பேசி ரோசரிக்கு அனுப்பாமலே கிடந்த அந்த ஒன்றுதான். அதை எடுத்து மாட்டினார். பதிவதற்கு முன் வழக்கம்போல் கொஞ்சம் ஓட விட்டார்.

"தங்கச்சி… ரோசரி… சொகமா இருக்கியா? நம்ம எல்ஸி ஒரு பொட்டி வச்சிருக்கா. சனிக்கெழமன்னா தோட்டத்துப் புள்ளைங்க வந்துருது. டிவியில பால் மரம் போட்டிருக்கா. வெட்டுக் கோடுகூட சரியா சாய்ச்சுப் போட்டிருக்கா, நான் வெட்டுற மாதிரியே. எனக்கு ஒன்னும் வெளங்கல. ஆனா எம் மக வாத்தியாரம்மா ஆயிட்டா…"

நாற்காலியில் அப்பாவின் தலை நிமிர்ந்தது. தூரத்தில் முதல் இடி உருண்டது. டிவி படம் ஒருமுறை நடுங்கி நின்றது.

எல்ஸி கேசட்டை வெளியே எடுத்தார். கேசட்டின் முதுகில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். துண்டை ஒடித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் பதிகிற பொத்தான் இறங்காது. திருப்புளியின் முனையை வைத்து ஒன்றை ஒடித்தார். கேசட்டைத் திருப்பி, மற்றதையும் ஒடித்தார்.