சோடியில்லாத துண்டு

சாவுச் செய்தி எங்கள் தொலைபேசி நிலையத்துக்கே வந்தது. அச்சுப்பொறி எச்சரிக்கைத் துண்டுகளைக் கக்கிக்கொண்டிருந்த நேரம். மறுமுனையில் பரமேஸ்வரி அக்காவின் தம்பி. "அக்கா விடியக் காலமை மோசம் போயிட்டா" என்றார். ஒரு கிழமைக் காய்ச்சல்தானே, வேலைக்குத் திரும்பி வந்து வழக்கம்போல என்னை ஏசுவார் என்றுதான் நம்பியிருந்தேன்.

வவுனியாவின் தொலைபேசி இணைப்புகளைத் தாங்கும் எங்கள் இயந்திரத்தில் ஏதாவது பழுதானால் மணி அடிக்கும். உள்ளே இருக்கும் மின்சுற்று அட்டைகளில் எது பழுது என்று ஒரு துண்டு அச்சாகி வரும். அட்டை சரியானால் இன்னொரு துண்டு வரும். கரண்ட் ஒருமுறை நின்று வந்தாலே நூற்றுக்கணக்கில் துண்டுகள் குவியும். நாங்கள் அள்ளிக் குப்பையில் போடுவோம். அக்கா மட்டும் கதிரையை இழுத்துப்போட்டு, பழுதுத் துண்டையும் அது சரியான துண்டையும் தேடிப் பொருத்துவார்.

"என்ன அக்கா, கலியாணம் பேசுறியளோ?" என்று பகிடி பண்ணுவோம்.

"ஓம். எல்லாத்துக்கும் சோடி சேர்ந்தால்தான் நான் வீட்டை போவன்."

ஒவ்வோர் அட்டை இலக்கத்துக்கும் எதிரே அதை நம்பியிருப்பவர்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். "மெசின் இலக்கத்தைத்தான் சொல்லும். அதுக்குப் பின்னாலை ஆர் நிக்கினம் எண்டு நாங்கள்தான் தெரிஞ்சு வைச்சிருக்க வேணும்" என்பார்.

அவரைப் பற்றி இங்கே வேலை செய்யும் நீங்கள் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவ்வளவு கவனமான அக்காவே ஒருநாள் எரிச்சலில் மணிக்குள் துணியை அடைத்து, எச்சரிக்கைக் கடிதம் வாங்கினார் என்பது. அந்தக் கதை பிழை. அடைத்தது நான்.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியத்துக்குள் மூன்று தரம் கரண்ட் போனது. மணி ஓயவில்லை. முகம் துடைக்கும் என் லேஞ்சியை எடுத்து மணிக்குள் திணித்துவிட்டுச் சாப்பிட்டேன். இரண்டு மணிக்கு அக்கா வேலைக்கு வந்தார். துண்டுக் குவியலைப் பார்த்ததும் பென்சிலை எடுத்தார். ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்குச் சோடி இல்லை."

கொப்பியைப் புரட்டினார். அகதி முகாமுக்கு முன்னால் இருந்த தொலைபேசிக் கடையின் அட்டை அது. அன்று நாலு மணிக்கு அங்கே ஒரு தாய்க்கு வெளிநாட்டிலிருந்து மகனின் அழைப்பு வரவேண்டும். போரில் முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்தவர். இரண்டு வருடமாக மகனின் குரலைக் கேட்காதவர். கடையின் இலக்கத்தையும் நேரத்தையும் மகனுக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்ததே அக்காதான்.

மாற்று அட்டை கையிருப்பில் இல்லை. அக்கா யோசிக்கவில்லை. எங்கள் பொறுப்பதிகாரியின் தொலைபேசி இருந்த அட்டையைக் கழற்றி, பழுதான அட்டையின் இடத்தில் பூட்டினார். "பெரியவர் ஒரு பொழுது கதைக்காமல் விட்டால் ஊர் அழியாது."

நாலு மணிக்கு அழைப்பு வந்தது. தாயும் மகனும் அழுததில் பாதி நேரம் போனது என்று கடைக்காரர் பிறகு சொன்னார்.

தன் தொலைபேசி செத்ததும் பெரியவர் இறங்கி வந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது மணிக்குள் இருந்த லேஞ்சி. "ஆர் இதைச் செய்தது?" நான் தற்காலிக நியமனத்தில் இருந்தவன். என் சம்பளத்தை நம்பி வீட்டில் ஆறு பேர். குவிந்திருந்த துண்டுகளை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"நான்தான் ஐயா வைச்சனான்" என்றார் அக்கா.

பெரியவர் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"உம்மை அனுப்பினால் புதுசா ஒருத்தர் வருவார். அவரும் துணி வைப்பார். நீர் இனி வைக்கமாட்டீர்."

மறுநாள் லேஞ்சியைத் தோய்த்து மடித்துத் தந்தார். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. தேநீர் நேரத்தில் நீங்கள் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தபோது அவரும் சிரித்தார். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன்.

செய்தி வந்த அன்று, எல்லாத் துண்டுகளுக்கும் சோடி சேர்த்த பிறகே செத்தவீட்டுக்குப் போனேன். அந்த லேஞ்சி என்னிடம் இருக்கிறது. கொப்பியும் இனி என்னிடம்தான். அந்த எச்சரிக்கைக் கடிதத்தை மட்டும் அவர் பெயரில் விட்டுவைக்க முடியாது. நடந்ததை எழுதிப் பெரியவரிடம் கொடுத்துவிட்டேன். இனி அந்தக் கதையைச் சொல்லும்போது என் பெயரைச் சொல்லுங்கள்.