மச்சான் போட்ட முடிச்சு

இஞ்ஞாசி எந்த வேலையிலும் சேர்ந்தாற்போல இரண்டு வருஷம் நின்றதில்லை. பதினாறு வயதில், தூத்துக்குடியில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் கடலுக்குள் இறங்கினான். பிறகு சங்கு குளித்தான், கொழும்புத் தோணியில் போனான், வேம்பார் உப்பளத்தில் உப்பு சுமந்தான், திரும்பவும் சங்குக்கே வந்தான். காலில் சக்கரம் கட்டிப் பிறந்தவன் என்று தெருவில் சொல்வார்கள். முப்பது வயதாகியும் கொழும்பைத் தாண்டவில்லையே என்பதுதான் அவன் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

எழுபத்தைந்தாம் வருஷம் தை மாதம், ஒரு இழுவைக் கப்பல் பழைய போர்க்கப்பல் ஒன்றை இழுத்து வந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே நின்றது. இழுவைக் கப்பலின் அடியில் சுழலும் காத்தாடியில் நைலான் வடம் சுற்றிக்கொண்டதாம். அறுத்தெடுக்க இஞ்ஞாசியையும் அவன் மனைவியின் அண்ணன் ரோச்சையும் கூப்பிட்டார்கள்.

படகில் போகும்போது கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஜெயசிங் அந்தப் போர்க்கப்பலின் கதையைச் சொன்னார். இரண்டாம் உலகச் சண்டைக்காகக் கட்டினார்களாம். கடலில் இறக்கிய வருஷமே சண்டை முடிந்ததால் பதினான்கு வருஷம் அரைகுறையாகக் கிடந்ததாம். கட்டி முடித்தபோது அந்தப் பீரங்கிகளுக்கு மவுசு போய்விட்டது. எட்டே வருஷம் ஓட்டிவிட்டு ஓரங்கட்டினார்கள். இப்போது உடைக்கத் தைவானுக்குப் போகிறது. எந்த வருஷம் இறக்கினார்கள் என்று இஞ்ஞாசி கேட்டான். நாற்பத்தைந்து. அவன் பிறந்த வருஷம். அதற்குப் பிறகு அவன் கண் அந்தக் கப்பலை விட்டு நகரவில்லை.

கடலுக்குள் மூழ்கிக் குளிப்பவன் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். தங்கையைத் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. இடுப்பில் முடிச்சுப் போடுவதும் அவன்தான், கரையேறியதும் அவிழ்ப்பதும் அவன்தான். வேறு யாரும் தொடுவதில்லை.

ஐந்தாம் முறை இறங்கியபோது வடத்தில் ஒரு புரிதான் பாக்கி. அதையும் அறுத்துவிடலாம் என்று இஞ்ஞாசி கீழேயே நின்றான். அவன் சைகை காட்டாமலே ரோச் இழுத்துவிட்டான். மேலே வந்து இஞ்ஞாசி கத்தினான்.

"ஒனக்கு மூச்சு முடிஞ்சது எனக்குத் தெரியும்லே. ஒனக்குத்தான் தெரியல" என்றான் ரோச்.

ஆறாம் முறை வடம் அறுந்தது. இழுவைக் கப்பல் கேப்டனுக்குச் சந்தோஷம். போர்க்கப்பலில் காவலுக்கு இருந்த ஒருவனைக் காய்ச்சலில் கரைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த இடத்துக்கு வருகிறாயா, நான்கு மாதத்தில் திருப்பி அனுப்புகிறேன் என்றார். ஜெயசிங் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் இஞ்ஞாசி தலையாட்டிவிட்டான்.

ரோச் முடிச்சை அவிழ்த்தான். "பிளாரன்ஸ்கிட்ட நீயே சொல்லிக்க" என்றான்.

வீட்டில் பிளாரன்ஸ் சண்டை போடவில்லை. தோணிக் காலத்தில் எடுத்த, கப்பலில் சேரக் காட்டும் கடலோடிப் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அங்கன ஒங்க கயித்த யாரு பிடிப்பா?"

அவன் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தான். மடித்ததையே மறுபடியும் மடித்தான்.

சாயங்காலம் ரோச்தான் படகில் கொண்டுவிட்டான். போர்க்கப்பலின் பக்கவாட்டில் நூலேணி தொங்கியது. ஏறப் போனவனை நிறுத்தி, இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டான். இஞ்ஞாசி மேல்தளத்தில் கால் வைக்கும்வரை பிடித்திருந்தான். பிறகு தன் கையிலிருந்த நுனியை விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தான்.

இஞ்ஞாசி கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டி வைத்தான். முன்னால் இழுவைக் கப்பல் நகர்ந்தது. பசிக்கிறதா என்று யாரோ சைகையில் கேட்டார்கள். முடிச்சின் மேல் கையை வைத்தபடி நின்றான். அவிழ்க்கவில்லை.