சேவல் மேல் தப்பில்லை

ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். ஷிப்டுக்குப் போகும் பழைய மாணவன் ஒருவன் அருகில் வந்து, "சார், சேவல் வாத்தியார் நேத்து தவறிட்டாரு" என்றான். கணக்கு ஆசிரியர் தேவராஜுலுவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட அவனுக்குத் தோன்றவில்லை. அந்தப் பட்டப்பெயரை அவரோடு பழகிய நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அது எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அதில் எனக்குப் பெரும்பங்கு உண்டு.

அறுபதுகளின் பிற்பகுதியில் பள்ளிக்கூடத்தின் பின்கொட்டகையில் நாங்கள் இருவரும் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று வைத்திருந்தோம். மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் வேலை செய்யும் மரப்பெட்டி. சுற்றுவட்டாரப் பெண்கள் முட்டையாகக் கொடுத்துவிட்டு, மூன்று வாரத்தில் குஞ்சாக வாங்கிப் போவார்கள். சூட்டைக் கவனிப்பது அவர் பொறுப்பு. நான் அறிவியல் ஆசிரியர் என்பதால் ஈரம் என் பொறுப்பு. முட்டைகளுக்குக் கீழே உள்ள தட்டில் தண்ணீர் குறையவே கூடாது என்று ஏதோ ஒரு கையேட்டில் படித்திருந்தேன். அது எந்த ஊர்க் காற்றுக்காக எழுதப்பட்டது என்று யோசிக்கவில்லை. வெயில் காலம் முழுக்க நன்றாகவே பொரித்தது.

ஐப்பசியில், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து முனியம்மா தன் வீட்டுக் கோழிகளின் முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மழை விடவில்லை. நாள் கடந்தும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. நாற்றத்துக்குப் பயந்து உடைத்துப் பார்க்காமலே புதைத்துவிட்டோம். முனியம்மா வந்து காரணம் கேட்டபோது, "சேவல் சரியில்ல போலகீதும்மா" என்றார் தேவராஜுலு. "இருக்கும்" என்று நானும் தலையாட்டினேன்.

அடுத்த முறை வைத்தது வேறு வீட்டு முட்டைகள். அவையும் பொரிக்கவில்லை. இம்முறை அவர் ஒன்றை உடைத்தார். உள்ளே முழுதாக வளர்ந்த குஞ்சு, உடம்பெல்லாம் ஈரமாக, ஊதிப்போய் செத்துக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே.

மழைநாளில் கொடியில் போட்ட வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றே நனைந்திருந்தால் துணி எப்படி உலரும்? பெட்டியில் இருக்கும் நாட்களில் முட்டையும் கொஞ்சம் உலர வேண்டும். அப்போதுதான் அதன் அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகும். ஓட்டை உடைப்பதற்கு முன் குஞ்சு தன் முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. ஏரிக்காற்றின் ஈரம் போதாதென்று தட்டு நிறையத் தண்ணீரும் ஊற்றி, அந்த ஒரு மூச்சுக்கு இடமில்லாமல் செய்திருந்தேன். முனியம்மாவின் முட்டைகளுக்கும் இதுதான் நடந்திருக்கும்.

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வாங்க, குப்பத்துக்குப் போவணும்" என்றார்.

"இப்ப போய்ச் சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்று தடுத்துப் பார்த்தேன்.

"அந்தம்மா சேவல கெட்டதுன்னு நெனச்சிக்கினு இருக்கும் நைனா" என்றபடியே சைக்கிளை எடுத்துவிட்டார்.

முனியம்மா வாசலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். "இன்னா வாத்தியாரே, இம்மாந்தூரம்?"

"ஒன் சேவல் மேல தப்பில்லம்மா. பொட்டியில தண்ணி ஜாஸ்தியாப் போச்சி. தப்பு என்னுது."

"அத்தக் கொழம்பு வெச்சித் துன்னு எத்தினியோ நாளாவுது. போயி அதாண்டயே சொல்லு." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு வலையைக் கீழே வைத்தார். "நல்ல சேவலு சார் அது. உங்க பேச்சக் கேட்டு, மலட்டுச் சேவல்னு திட்டிக்கினேதான் அறுத்தேன்."

தேவராஜுலு தலை குனிந்து நின்றார். நான் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில், "தண்ணி ஊத்தினது நானு. நீங்க ஏன் உங்க மேல போட்டுக்கினீங்க?" என்று கேட்டேன்.

"சேவலச் சொன்ன வாய் என்னுது. ரெண்டு பேருன்னா அந்தம்மா யாரத் திட்டும்? ஒரு ஆளு போதும்."

அது எனக்கு வசதியாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

அதன்பின் மழைக்காலத்தில் தட்டைக் காலியாகவே வைத்தோம். பெட்டியின் காற்றுத் துளைகளை நன்றாகத் திறந்துவிட்டோம். டார்ச் வெளிச்சத்தில் காற்றறையின் எல்லையைப் பென்சிலால் குறித்து, அது வாராவாரம் பெரிதாகிறதா என்று பார்த்தோம். உட்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கடைசி மூன்று நாள் மட்டும் கொஞ்சம் தண்ணீர். குஞ்சுகள் வந்தன. ஆனால் சந்தையில் எல்லோர் எதிரிலும் "இன்னா சேவல் வாத்தியாரே" என்று முனியம்மா கூப்பிட்டது அவருக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. பிள்ளைகள் கரும்பலகையில் சேவல் வரைந்து வைப்பார்கள். அவர் அதை அழிக்காமல் பக்கத்தில் கணக்கை எழுதுவார். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் அதைச் சொல்லிச் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

காரியத்தன்று முனியம்மா வந்திருந்தார். அருகில் போய், "அன்னைக்குத் தண்ணி ஊத்தினது நான்தாம்மா" என்றேன்.

"அவரு உயிரோட இருந்தப்பவே சொல்லியிருந்தா, பாதித் திட்ட உங்களாண்ட குடுத்திருப்பேனே சார்."

தேவராஜுலுவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, தவறு தெரிந்தவுடன் அவர் கிளம்பிய அந்த வேகத்தை. அதைக் கொண்டுதான் இப்போது என்னை அளந்து பார்க்கிறேன். அவர் அன்று மாலையே போய்ச் சொன்னதை நான் சொல்வதற்கு, அவருடைய சாவு வேண்டியிருந்தது.