எண் பதினான்கும் ஏழு சட்டைகளும்

தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே பிரயூன் குனிந்து, இடது புறங்கையைத் தார்ச்சாலையில் வைக்கிறார். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுவது கணக்கு. இரண்டிலேயே கை துள்ளிவிட்டது. "வாணலி மாதிரி காயுது. அய்யா இன்னைக்கு கால கீழ வைக்க வேணாம்" என்றபடி, மேம்பாலத் தூணின் நிழல் நகர்ந்த பக்கமாக ஈரச் சாக்கை இழுக்கிறார். அய்யா என்கிற கறுப்பு நாய் சாக்கின் மேலேயே கிடக்கிறது. எழுந்திருப்பதாக இல்லை.

அதன் பெயர் ஓலியாங். இந்த ஊரில் ஐஸ் போட்ட கறுப்புக் காப்பிக்கு அந்தப் பெயர். காப்பிக்கடைக்காரி வைத்தது. பத்து வயது, இருபத்தைந்து கிலோ, ஏப்ரல் மாதத்துக்கு எந்த வகையிலும் பொருந்தாத அடர்ந்த ரோமம். தொன்புரிப் பக்கம் இந்தச் சந்துமுனையில் பைக் டாக்ஸி ஓட்டும் பதினாறு பேருக்கும் பொதுவான தெருநாய் என்று பேச்சு. ஆனால் அதன் ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்று தினம் மூன்று தடவை உதட்டைத் தூக்கிப் பார்ப்பவர் பதினான்காம் எண் ஆரஞ்சு மேலங்கி போட்ட பிரயூன் ஒருவர்தான். "ரோஸ் கலரா இருக்கா, சரி. செங்கல் கலராச்சுன்னா ஆபத்து." தெருநாய்களுக்கு ஊசி போட வந்த டாக்டரம்மா எப்போதோ சொன்னது. அதை அவர் தன் சொந்தக் கண்டுபிடிப்புபோல் பயணிகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். தண்ணீரை முதுகில் ஊற்றக் கூடாது, வயிற்றையும் பாதத்தையும் நனைக்க வேண்டும். கிண்ணத்தில் ஐஸ் போட்டால் உடைத்த ஐஸ் போடக் கூடாது, முழுக்கட்டியாகப் போட்டால்தான் மத்தியானம் வரை தாங்கும்.

நாய் விஷயத்தில் இவ்வளவு கறாரான மனிதருக்கு மனிதர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்ல வராது. யார் முகமும் சுருங்குவதைப் பார்க்கச் சகிக்காது அவருக்கு. துரியான் பழம் பிடிக்காது. யாராவது நீட்டினால் இரண்டு சுளை தின்பார். பயணி தப்பான சந்து ஒன்றைக் காட்டினாலும் அதற்குள் ஓட்டிக்கொண்டு போவார். சந்து சுவரில் முட்டி நின்றதும், "நீங்க சொன்ன வழி சரிதாங்க, சந்துதான் முடிஞ்சுபோச்சு" என்பார்.

அதனால்தான் சட்டை விவகாரம் இவ்வளவு தூரம் போனது.

திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்க்கும் ஜிந்தனா அம்மாள், தினம் காலை ஏழு மணிக்கு பிரயூன் வண்டியில் படகுத்துறைக்குப் போகிறவர். தை மாதம் ஒரு ஜோசியர், இந்த வருடம் ராகு சரியில்லை, கறுப்பு ஜீவன் ஒன்றைப் பராமரித்தால் கெடுதல் விலகும் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் கண்ணில் முதலில் பட்டது ஓலியாங். ஒரே வாரத்தில் ஏழு சட்டைகள் தைத்துவிட்டார். திங்களுக்கு மஞ்சள், செவ்வாய்க்கு ரோஸ், புதனுக்குப் பச்சை என்று கிழமைக்கு உரிய நிறத்தில் ஒவ்வொன்றும். கழுத்துப் பட்டி, பொத்தான், உள்ளே பருத்தி லைனிங். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாம் போன்ற தையல்.

"நல்லாருக்கா பிரயூன்?"

"ரொம்ப நல்லாருக்குக்கா."

அன்று முதல் காலை ஆறே முக்காலுக்குச் சட்டையை மாட்டுவது, அம்மாளைப் படகேற்றிவிட்டுப் பறந்து வந்து அவிழ்ப்பது, மாலை ஐந்தரைக்கு மறுபடி மாட்டுவது என்று பிரயூனுக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. ஒன்பதாம் எண் தன்வா விடுவதாக இல்லை. "அண்ணே, நாய்க்கு டிரெஸ் மாத்துறதுக்குத் தனியா ஒரு மேலங்கி வாங்கிக்கிறீங்களா? இல்ல நேரா அந்தக்கா கிட்ட சொல்லிடவா?"

"வாய மூடுடா. அது ராகு சமாச்சாரம்."

சித்திரைப் புத்தாண்டுத் தண்ணீர் விளையாட்டு முடிந்த வாரம். திரைச்சீலைக் கடைக்கு விடுமுறை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஜிந்தனா அம்மாள் சந்துமுனைக்கு வந்து, பப்பாளிக்காயை உரலில் இடித்துச் சாலட் விற்கும் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓலியாங் மேல் பச்சைச் சட்டை. வெயில் ஏறியது. பிரயூன் சாக்கை நனைத்தார், கிண்ணத்தில் ஐஸ் போட்டார், கடை மின்விசிறியை நாய்ப் பக்கம் திருப்பினார். கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரைக் கை தவறியதுபோல் சட்டை மேல் கொட்டி, "அச்சச்சோ, கழட்டிக் காயப் போடணும்க்கா" என்றார்.

"அதுக்கென்ன, பச்சைல இன்னொண்ணு தச்சு வச்சிருக்கேன்" என்று அம்மாள் பையைத் திறந்து மாற்றுச் சட்டையை நீட்டினார். பிரயூன் வாங்கி மாட்டினார்.

ஒரு மணிக்கு ஓலியாங் தண்ணீரை முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் திரும்பியது. எழுந்து நாலு அடி வைத்தது. பின்னங்கால் இரண்டும் மடிந்தன. பிரயூன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். செங்கல்.

பப்பாளிக் கடைக் கத்தியை எடுத்துச் சட்டையைக் கழுத்திலிருந்து வால் வரை ஒரே இழுப்பில் கிழித்தார். யாரையும் பார்க்கவில்லை. தன்வா குடத்துத் தண்ணீரைக் கொண்டு ஓடி வந்தான். "வயித்துல ஊத்து, முதுகுல வேணாம்!" நனைந்த நாயை வண்டியில் எப்படிக் கொண்டுபோவது என்று அவர் தடுமாறியபோது, ஜிந்தனா அம்மாள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். "குடு இப்படி."

மடியில் ஓலியாங், அதன் வயிற்றில் ஈரத்துணி. வண்டி பறந்தது. பாலத்தடி சிக்னலில் சிவப்பு விழுந்தது. தொண்ணூறு, எண்பத்தொன்பது என்று எண்கள் இறங்கத் தொடங்கின.

"சட்டைய ஏன் கிழிச்சே?"

முகம் பார்த்துக் கேட்டிருந்தால் அவர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். முன்னால் ஒரு லாரியின் பின்பக்கம்தான் இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னார். "சட்டை போட்டா அவனுக்குச் சூடு தாங்கலக்கா. நீங்க படகு ஏறுனதும் கழட்டிருவேன்."

"என்னைக்குலேருந்து?"

"முத நாள்லேருந்து."

எண்கள் ஐம்பதுக்கு இறங்கின.

"ஏழுமா?"

"ஏழும்தாங்க்கா."

பின்னால் ஈரத்துணியைத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது.

மருத்துவமனையில் டாக்டரம்மா ஊசி போட்டு, பாட்டில் மாட்டி, இரண்டு மணி நேரம் பக்கத்தில் நின்றார். மாலையில் ஓலியாங் தலையைத் தூக்கி, மருந்துப் பெட்டியை முகர்ந்து, வாலை ஒரு தடவை தரையில் அடித்தது. "தப்பிச்சுட்டான். கழுத்துல வேணும்னா ஈரத்துணி கட்டுங்க. மத்தபடி இந்த ரோமமே அவனுக்குச் சட்டை" என்றார். ஜிந்தனா அம்மாள் தலையை ஆட்டிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. பிரயூனுக்குச் சோறு இறங்கவில்லை. நாய் பிழைத்துவிட்டது. ஆனால் அந்த அம்மாளுக்கு ராகு ஏதாவது செய்துவிட்டால் அது தன்னால்தானே? சவாரியே இல்லாமல் இரண்டு தடவை அவர் வீட்டுப் பக்கம் ஓட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் ஜன்னலுக்குள் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. நிற்கத் துணிவில்லாமல் திரும்பினார். "போய்ப் பேசுங்களேண்ணே" என்றான் தன்வா. "என்னன்னு பேச?" என்றார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஜிந்தனா அம்மாள் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஐஸ் தண்ணீர். அதற்குள்ளிருந்து, வெள்ளிக்கு உரிய வெளிர்நீலத்தில், கொசுவலைபோல் மெல்லிய கழுத்துத் துண்டு ஒன்றை எடுத்துப் பிழிந்தார். ஓலியாங்கின் கழுத்தில் சுற்றிப் பொத்தானைப் போட்டார். நாய் கண்ணை மூடிக்கொண்டது.

"இது சட்டை இல்ல" என்றார். பிறகு, "நல்லாருக்கா பிரயூன்?"

தன்வா கைப்பேசியில் ஓடிய பாட்டை நிறுத்தினான்.

பிரயூன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணிக்கும் கழுத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் போனது. இரண்டாவது போகவில்லை, இறுக்கம். "ரொம்ப நல்…" என்று வழக்கம்போல் தொடங்கிய வாய் பாதியில் நின்றது. நிமிர்ந்து அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

இல்லை என்று தலையாட்டினார்.

ஜிந்தனா அம்மாள் கைப்பையைத் திறந்து, உள்ளே கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தார்.