மேல் பாதி மாமாவுக்கு

எங்கள் அத்தைக்கு வேலை, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லிப்ட் கதவுகளில் விழும் கீறலை எடுப்பது. தள்ளுவண்டிகள் இடித்துக்கொண்டே இருக்கும். அத்தை தேய்த்துக்கொண்டே இருப்பாள். செக்குமாடாவது சுற்றி வரும், அத்தை கைக்கு அந்தச் சுகமும் கிடையாது. அந்த எவர்சில்வர் தகட்டில் தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும். உப்புத்தாளும் அதே போக்கில்தான் போக வேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு, கீறலே தேவலை என்றாகிவிடும்.

பதினோரு வருஷம் இப்படி. போன மாசம் தோள் மக்கர் பண்ணிவிட்டது. கை காதுக்கு மேல் ஏறவில்லை. லிப்ட் வாசல் ஸ்ட்ரெச்சர் வரும் வழி, ஸ்டூல் போடக் கூடாது. அத்தை வாயைத் திறக்காமல் எட்டிய வரைக்கும் தேய்த்தாள். சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிட்டார். தலைக்கு மேலே இருந்த ஒரு நீளக் கீறலைக் காட்டி, சாயங்காலத்துக்குள் இது போகாவிட்டால் நாளையிலிருந்து வேறு ஆள் என்றார்.

மாமா அதே ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து, தாளைப் பிடுங்கி, மும்முரமாகத் தேய்த்தார். இருபது வருஷம் அண்டா தேய்த்த கை, வட்டம் வட்டமாகத்தானே போகும்? அத்தை தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் கீறல் காணாமல் போய், தட்டு அளவுக்கு ஒரு மங்கல் நிலா முளைத்திருந்தது.

அத்தைக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

“ஏங்க, இது அண்டா இல்லங்க.”

“கீறல் போச்சுல்ல?”

“போச்சு. கூடவே என் வேலையும் போச்சு.”

ஒரு இடம் கெட்டால் கதவு முழுக்கத் தேய்த்துத்தான் சமன் செய்ய வேண்டும். அத்தை பின்னால் நின்று மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவின் கை வட்டத்துக்குப் போனால் சட்டையில் ஒரு இழுப்பு. மேலே, கீழே, மேலே, கீழே. மாமா அன்று சாப்பிடவில்லை. கேன்டீனில் வசவு மட்டும் வாங்கினார். சாயங்காலம் சூப்பர்வைசர் கதவைத் தலை சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த மனுஷன் ஒன்றும் சொல்லாவிட்டால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது தினமும் மேல் பாதி மாமாவுக்கு. வீட்டுக்கு வந்தால் இரண்டு பேருக்கும் கை தூக்க முடிவதில்லை. நேற்று கொடியில் துணி போடுவது யார் என்று கண்ணாலேயே சண்டை போட்டார்கள். நான்தான் போட்டேன். சும்மா போடுவேனா? மாமாவின் பேன்ட் கால்களை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டேன். சிரிப்பார்கள் என்று திரும்பிப் பார்த்தால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.

முடிச்சை நானே அவிழ்த்தேன்.