சணப்புப் பூ பார்க்க ஒரு விண்ணப்பம்

தாலுகா கச்சேரிக் குமாஸ்தா எவரும், விடுமுறை நாளாகவே இருந்தாலும், எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் தலைமையிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இது விதி. வேலைக்குச் சேர்ந்த வாரமே எல்லோரும் இதைப் பிரதி எடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். மற்றவர்கள் அதோடு மறந்துவிட்டார்கள். நான் கடைப்பிடித்தேன். பென்ஷன் வாங்கும் வரை எனக்கு நண்பர்கள் குறைவாக இருந்ததற்கு அது ஒரு காரணம்.

டில்லி தர்பார் நடந்த மறு வருடம். தாமிரபரணியின் வடகரையில் இருந்த ஒரு தாலுகா ஊரில் வேலை. வீட்டில் அம்மா, மனைவி, நான். மனைவி சாத்தான்குளத்துப் பெண். செம்மண்ணும் பனையும் பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு அது ஏழாவது மாதம். அதற்கு முன் இரண்டு பிரசவங்கள் தாய்வீட்டில் நடந்தன. இரண்டு குழந்தைகளும் ஒரு வாரம் தங்கவில்லை. அங்கேயே கல்லறைத் தோட்டத்தில் கிடக்கின்றன.

பிள்ளைத்தாய்ச்சி ஆற்றைக் கடக்கக் கூடாது என்பது என் அம்மாவின் விதி. முந்தைய இரண்டு தடவையும் கடந்துபோன மருமகள் வெறுங்கையோடு திரும்பியதால், அம்மாவிடம் இப்போது அத்தாட்சியும் இருந்தது. ஞாயிறு ஆராதனையை ஒரு வாரமும் தவறவிடாதவள் அவள். வேதப்புத்தகத்தில் இந்த விதி எத்தனையாம் அதிகாரத்தில் வருகிறது என்று கேட்டேன். “எல்லாத்தையும் எழுதியா வச்சிருக்கு?” என்றாள். எழுதாத வழக்கத்துக்கு அரசாங்கமே மதிப்புக் கொடுக்கிறது. நான் மேலே வாதாடவில்லை.

தாய்வீட்டுக்குப் போக முடியாது என்று தெரிந்த நாளிலிருந்து மனைவி முதலில் பேச்சைக் குறைத்தாள். பிறகு சோற்றைக் குறைத்தாள்.

அவளுடைய அண்ணன் அந்த வருடம்தான் ஆழ்வார்திருநகரி போகும் வழியில், தென்கரையில், கொஞ்சம் நஞ்சை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பனங்காட்டுக்காரருக்கு அதுவே பெரிய சாகசம். அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காகச் சணப்பு விதைத்தார். பூக்கிற சமயத்தில் அதை மண்ணோடு மடக்கி உழுதுவிட வேண்டும். பங்குனிக் கடைசியில் கடிதம் வந்தது: வயல் முழுவதும் மஞ்சளாகக் கிடக்கிறது, கோடைமழை ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது, வருடப் பிறப்பு வரைக்கும் ஏரைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன், தங்கச்சியைக் கூட்டி வாரும்.

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். “பூத்த வயல நான் பாத்ததே இல்ல. ஒரு தடவ பாத்துட்டா, பொறவு என்ன வந்தாலும் வரட்டும்” என்றாள். அந்தக் கடைசி வார்த்தைகள் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றே விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், ‘குடும்பத்துடன் தென்கரையில் சணப்புப் பூ பார்க்க’ என்று எழுதினேன். தலைமைக் குமாஸ்தா படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் வே, ஊர்ல உள்ளவன் எல்லாம் மாமனாருக்குக் காய்ச்சல்னு எழுதுதான். ஒமக்கு மட்டும் பூவா?”

என் மாமனார் காலமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. அவருக்குக் காய்ச்சல் வரவழைக்க மனம் வரவில்லை. பூ பார்க்க அனுமதி கொடுத்த முன்மாதிரி ஒன்றும் கட்டுகளில் அகப்படாததால், அதிகாரி விண்ணப்பத்தை உத்தரவு வேண்டி மேல் கச்சேரிக்கு அனுப்பினார். நானேதான் அதைத் தபாலில் சேர்த்தேன்.

வருடப் பிறப்புக்கு முதல் நாள் வரை பதில் இல்லை. மாலையில் கச்சேரியிலிருந்த சர்வே வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் ஊரின் எல்லைக்கோடு ஆற்றின் நடுவே ஓடியது. சித்திரையில் தண்ணீர் வற்றி, சரியாக அந்த இடத்தில் ஒரு மணல் திட்டு எழும்பியிருக்கும். திட்டு வரை போவது தலைமையிடத்தை விட்டுப் போவதாகாது என்று வீட்டில் வந்து சொன்னேன். அம்மா வெகுநேரம் அரிசி புடைத்தபடியே யோசித்தாள்.

“அக்கரையில கால் வச்சாத்தான் தாண்டுனது. திட்டு வரைக்கும் போலாம்” என்று தீர்ப்புச் சொன்னாள்.

இரவே மைத்துனருக்கு ஆள் அனுப்பி விஷயத்தைச் சொல்லிவிட்டு, காலையில் வண்டி கட்டிக்கொண்டு, புளிச்சோற்று மூட்டையோடு போனோம். முழங்கால் தண்ணீரில் அம்மா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, மனைவி பைய நடந்து திட்டில் ஏறினாள். தென்கரை அங்கே தாழ்வு. கரையை ஒட்டி மைத்துனரின் வயல். அத்தனை மஞ்சளை நானும் அதுவரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. காற்று வந்தால் வயல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. மனைவி முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

மைத்துனர் ஒரு கட்டுப் பூவை அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். திட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

“மச்சான், ஒம்ம கோடு எங்கன கெடக்கு? காட்டும் வே, மிதிச்சிரப் போறேன்.”

குடை நுனியால் மணலில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் மரியாதையாக அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நாங்கள் இந்தப் பக்கம். புளிச்சோறு கோட்டைத் தாண்டிப் போனது. அதைத் தடுக்கும் விதி எதுவும் எனக்குத் தெரியவில்லை. பூங்கட்டை மனைவி மடியில் வைத்துக்கொண்டாள்.

உச்சிவேளைக்கு முன்னால் அவர் எழுந்தார். ஈரம் இன்னும் ஒரு நாள்கூடத் தாங்காது என்றார். “பாத்துட்டியாளா? அப்ப ஏரப் பூட்டுதேன்.”

அம்மா பதறினாள். பூத்து நிற்பதை மண்ணில் அமுக்குவதைப் பிள்ளைத்தாய்ச்சி பார்க்கலாமா? வீட்டுக்குக் கிளம்பச் சொன்னாள். மனைவி அசையவில்லை.

“அது நெல்லுக்குத்தானே, அத்தை” என்றாள்.

இரண்டு ஏர்கள் இறங்கின. மஞ்சள் வரிவரியாக மண்ணுக்குள் போவதை அவள் கடைசி வரை இருந்து பார்த்தாள். பிறகு, மூட்டையில் இன்னும் சோறு இருக்கிறதா என்று கேட்டாள். அம்மா தன் பங்கை எடுத்து வைத்தாள். அந்த உருண்டைகளை அவள் ஒன்றுவிடாமல் சாப்பிட்டதற்காக நான் இன்றுவரை பலருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ஈரம் காய்ந்தாலும் காத்திருந்த மைத்துனருக்கு, பாதி ஆற்றை அனுமதித்த அம்மாவுக்கு, யாரோ தெரியாத அந்த சர்வேக்காரருக்கு. பதில் எழுதாத மேல் கச்சேரிக்கும்தான். கூடாது என்று எழுதியிருந்தால் நான் கீழ்ப்படிந்திருப்பேன்.

ஆனி மாதம் வடகரையில் மகள் பிறந்தாள். ஒரு வாரம் தாண்டியது. ஒரு மாதமும் தாண்டியது. அதன் பிறகு அம்மாவே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மருமகளோடு ஆற்றைக் கடந்து சாத்தான்குளம் போனாள். போகிற வழியில் அந்த வயலில் நெல் கதிர் வாங்கி நின்றதாக மனைவி எழுதினாள். அவள் கடிதம் வந்த அதே தபாலில் மேல் கச்சேரி உறையும் இருந்தது. விண்ணப்பதாரர் பூ பார்த்துவிட்டு அன்று மாலைக்குள் தலைமையிடம் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, கோரிய அனுமதி வழங்கப்பட்டிருந்தது. வரவுப் பதிவேட்டில் நானே தேதி போட்டேன்: ஆகஸ்டு மாதம் பத்தொன்பதாம் தேதி.